பேருக்கு முன்னால் நிற்கும் எழுத்து



புதிதாக ஒருவரைக் கண்டால் நாம் முதலில் கேட்பது, “ஒங்க பேரு என்னாங்க?” என்பதுதான். சின்னப் பிள்ளை என்றால் அடுத்த கேள்வியும் உடனே வரும்: “யாரு மகன் நீ?” பிள்ளை தன் அப்பா பேரைச் சொன்னதும், “அட, நம்ம மேல்கணக்கு ராமசாமி மகனா!” என்று நாம் ஆளை விளங்கிக்கொள்கிறோம்.

இந்த இரண்டு கேள்விக்கும் உரிய பதிலைத்தான் நாம் தாளில் ஒரே வரியில் எழுதுகிறோம். பேரு கருப்பையா, அப்பா பேரு ராமசாமி என்றால் “ரா. கருப்பையா”. முன்னால் நிற்கும் அந்த ஒற்றை எழுத்துக்குள் ஒரு தகப்பன் இருக்கிறார். அந்த எழுத்து எங்கிருந்து வந்தது, மற்றவர்களின் குடும்பப் பெயருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம், அது பிழைத்துப்போனால் ஒரு குடும்பம் எப்படிக் கஷ்டப்படும் என்பவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

குடும்பப் பெயர் என்றால் என்ன?

அப்பனுக்கும் மகனுக்கும் பேரனுக்கும் மாறாமல் ஒரே பெயர் தொடர்ந்து வந்தால் அதுவே குடும்பப் பெயர். இங்கிலாந்தில் இந்த வழக்கம் ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் மெல்ல மெல்ல நிலைத்தது. அதற்கு முன் அவர்களும் ஒற்றைப் பெயரோடு இருந்தவர்களே. ஒரே ஊரில் பத்து ஜோன் இருந்தால் எந்த ஜோன் என்று சொல்ல வேண்டுமல்லவா? இரும்படிக்கும் ஜோனை ‘ஸ்மித்’ என்றார்கள். ஸ்மித் என்றால் கொல்லர். குன்றுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர் ‘ஹில்’ ஆனார். ஜோனின் மகன் ‘ஜோன்சன்’ ஆனார். காலப்போக்கில் இவை பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டன. பேரன் கொல்லுப் பட்டறைப் பக்கமே போகாவிட்டாலும் அவனுக்கும் ஸ்மித் என்றே பேர்.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறோம். 1867ஆம் ஆண்டில் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டு, இந்த நாட்டின் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்தவர் ஜேம்ஸ் டெய்லர். துணி தைப்பவரை நாம் டெய்லர் என்கிறோமே, அதே சொல்தான் அவருடைய குடும்பப் பெயரும். அவருடைய முன்னோரில் யாரோ ஒருவர் ஊசி பிடித்திருக்க வேண்டும். அவர் ஸ்கொட்லாந்துக்காரர். அந்த நாட்டிலிருந்து தோட்டத் துரைமாராக வந்த பலருடைய பெயர் ‘மெக்’ என்று தொடங்கும். அவர்களுடைய பழைய மொழியில் ‘மெக்’ என்றால் மகன். மெக்டொனால்ட் என்றால் டொனால்டின் மகன். பெரட்டுக்களத்தில் நம்மவர்கள் பயந்து பார்த்த துரையின் பேரிலும் “இன்னார் மகன்” என்பதுதான் இருந்தது.

அயல் கிராமத்தவர்களின் பெயர்கள்

நம்முடைய தோட்டத்தைச் சுற்றிலும் உள்ள கிராமங்களில் எச்.எம்., ஆர்.எம்., டீ.எம். என்று தொடங்கும் பெயர்களை நிறையக் காண்கிறோம். அதில் வரும் ‘எம்.’ பெரும்பாலும் ‘முதியான்சேலாகே’ என்பதன் சுருக்கம். முதியான்சே என்பது கண்டி இராச்சிய காலத்துப் பட்டப் பெயர். ‘கே’ என்ற சிங்கள விகுதி நம்முடைய ‘உடைய’ என்பதைப் போன்றது. ஆகவே ‘ஹேரத் முதியான்சேலாகே’ என்றால் ஹேரத் முதியான்சேயின் வீட்டைச் சேர்ந்தவர் என்று பொருள்.

இவற்றைச் சிங்களத்தில் ‘கே’ பெயர் அல்லது ‘வாசகம’ என்பார்கள். பலவற்றுக்கு எளிமையான பொருள் உண்டு. ‘லியனகே’ என்றால் எழுத்தர் வீட்டார். ‘ஆரச்சிகே’ என்றால் ஆரச்சி என்ற ஊர்த் தலைவரின் வீட்டார். ‘ஹேவாகே’ என்றால் போர்வீரன் வீட்டார். ‘கமகே’ என்பதில் உள்ள ‘கம’ கிராமத்தைக் குறிக்கும். ‘சேனாநாயக்க’ என்ற பெயரை நம் பிள்ளைகளே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். சேனைக்கு நாயகர், அதாவது படைத்தலைவர்.

பெரேரா, சில்வா, பீரிஸ், மென்டிஸ் ஆகிய பெயர்கள் 1505ஆம் ஆண்டில் இந்த நாட்டுக்கு வந்த போர்த்துக்கீசரால் பரவியவை. ஞானஸ்நானத்தின்போதும் அரசாங்க உத்தியோகத்தின்போதும் உள்ளூர் மக்கள் இந்தப் பெயர்களை ஏற்றார்கள். பெரேரா என்றால் பேரிக்காய் மரம். சில்வா என்றால் காடு. பீரிஸ் என்றால் பேதுருவின் மகன். ஆட்சி செய்தவர்கள் 1658ஆம் ஆண்டோடு போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பெயர்கள் சிங்களவரிடமும் கரையோரத் தமிழரிடமும் இன்றைக்கும் இருக்கின்றன.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது என்ன? எந்தக் குடும்பப் பெயரும் வானத்திலிருந்து விழவில்லை. அப்பன் பேர், செய்த தொழில், குடியிருந்த இடம், கிடைத்த பட்டம் என்ற நாலு வழியில்தான் பெரும்பாலான பெயர்கள் வந்தன.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லையா?

“அவுங்களுக்கெல்லாம் பெரிய பெரிய பேரு இருக்கு, நமக்கு ஒண்ணுமில்லையே” என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். இது குறையல்ல, வேறு ஒரு முறை. நாம் அப்பனின் பேரை ஒரு தலைமுறைக்குச் சுமக்கிறோம். அடுத்த தலைமுறை தன் அப்பனின் பேரைச் சுமக்கிறது. ஐரோப்பாவில் ஐஸ்லாந்து என்ற நாட்டிலும் இப்படித்தான். அங்கே மிகப் பெரும்பாலானோர் தந்தை பெயரோடு ‘மகன்’ அல்லது ‘மகள்’ என்ற சொல்லைச் சேர்த்து எழுதுகிறார்கள். பர்மாக்காரர்களுக்கும் பரம்பரைக் குடும்பப் பெயர் கிடையாது.

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைச் சேர்த்து எழுதுவது பெருவழக்காக இருந்தது. 1929ஆம் ஆண்டில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு அந்த வாலை வெட்டிவிடும்படி தீர்மானம் செய்தது. பெரியார் ஈ.வெ.ராமசாமியும் தம் பெயரின் பின்னிருந்த பட்டத்தை விட்டார். யார் மேல், யார் கீழ் என்று பேரிலேயே காட்டுகிற ஒன்றை விட்டுவிட்டு, அப்பனின் எழுத்தை மட்டும் வைத்திருப்பது நமக்குப் பெருமையே.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். ‘பேத்தி’ என்பதும் ‘பெயர்த்தி’தான். ராமனின் மகன் ரா. கருப்பையா. கருப்பையாவுக்குப் பிறந்த மூத்த பிள்ளைக்குத் தாத்தா பேரை வைத்தால் அவன் க. ராமன். அவனுக்குப் பிறப்பவன் மறுபடியும் ரா. கருப்பையா. இரண்டு பெயர்களும் மாறி மாறி வந்து ஒரு குடும்பத்தைக் கட்டிக் காக்கின்றன. சங்கிலியில் ஒரு வளையம் அடுத்த வளையத்தைப் பிடித்திருப்பது போல இது இருக்கிறது.

பாட்டன் பாட்டி பெயர்கள் சொல்லும் செய்தி

நம் முன்னோர் திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வந்தார்கள். மூட்டை முடிச்சோடு தங்கள் ஊர்ச் சாமிகளின் பெயர்களையும் கொண்டுவந்தார்கள். கருப்பையா, முனியாண்டி, மாரியாயி, காளியம்மா, வீரம்மா ஆகியவை ஊர் எல்லையில் காவல் நிற்கும் தெய்வங்களின் பெயர்கள். பழனியாண்டி என்ற பேர் பழனி மலையையும், மீனாட்சி என்ற பேர் மதுரையையும், காமாட்சி என்ற பேர் காஞ்சிபுரத்தையும் நினைவுபடுத்தும்.

குப்புசாமி, குப்பாயி, பிச்சை என்ற பெயர்களைக் கேட்டுச் சில பிள்ளைகள் சிரிப்பதுண்டு. சிரிக்க வேண்டாம். பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்துபோன வீட்டில், அடுத்த பிள்ளையாவது தங்கட்டும் என்று குப்பையில் போட்டு எடுத்ததாகவும், பிச்சையாகக் கேட்டு வாங்கியதாகவும் நேர்ந்து வைத்த பெயர்கள் அவை. மருத்துவ வசதி இல்லாத காலத்துத் தாயின் கண்ணீர் அந்தப் பேரில் இருக்கிறது. ஆனால் ‘போதும்பொண்ணு’ என்று பெண் பிள்ளைக்குப் பேர் வைத்த வழக்கம் அப்படிப்பட்டதல்ல. பெண் பிள்ளை போதும் என்று சொல்லி வைத்த அந்தப் பேரை அவள் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டியிருந்தது. அத்தகைய பெயர்கள் இனி வேண்டாம்.

பிற்காலத்தில் தமிழ்ச்செல்வி, அன்பழகன் போன்ற பெயர்கள் லயங்களுக்குள் வந்தன. இப்போது கேட்டால் பொருள் சொல்ல முடியாத பெயர்களும் வருகின்றன. புதுப் பேர் வைப்பது தப்பில்லை. “இந்தப் பேருக்கு என்னம்மா அர்த்தம்?” என்று பிள்ளை ஒருநாள் கேட்கும்போது சொல்வதற்கு ஒரு பதில் இருந்தால் போதும்.

பேரை இழந்த காலம்

பிரித்தானியர் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து அனுப்பியபோது தகரத் துண்டு ஒன்றைக் கழுத்தில் கட்டினார்கள். அதில் தோட்டத்தின் அடையாளமும் ஓர் இலக்கமும் இருந்தன, ஆளின் பேர் இல்லை. தோட்டத்துக்கு வந்த பிறகு செக்ரோலில் பேர் ஏறியது. இன்றும் நாம் “பேர் பதிஞ்சாச்சா?” என்றுதான் கேட்கிறோம். பேர் பதிந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் லயத்தில் காம்பரா. ஆனால் அந்தப் பேரை எழுதியவர் கங்காணியோ கணக்கப்பிள்ளையோ கிளாக்கரோதான். அவர் காதில் விழுந்ததே பேர். படிக்கத் தெரியாத நம் பாட்டி அதைச் சரிபார்க்க முடியவில்லை.

இதன் விலை 1948ஆம் ஆண்டில் தெரிந்தது. அவ்வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இங்கே பிறந்த ஒருவர் தன் தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அல்லது தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்ததாகக் காட்ட வேண்டும். அதாவது பேருக்கு முன்னால் நிற்கும் அந்த எழுத்தைத் தாளில் நிரூபிக்க வேண்டும். பிறப்புப் பதிவு இல்லாத, இருந்தாலும் பேர் ஒத்துப்போகாத இலட்சக்கணக்கான மக்களுக்கு அது எப்படி முடியும்? 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாட்டுக்கும் பாதி பாதியாகப் பங்கிட்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பிறகே நாடற்றவர் என்ற நிலை தீர்ந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டமும் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவர்களையும் அவர்களின் வழித்தோன்றல்களையும் பற்றியதே. “நீ யாரு மகன்?” என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது.

இன்று எங்கே சிக்கல் வருகிறது?

பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தாலும் பேர்ப் பிரச்சினை தீரவில்லை. அடிக்கடி நடக்கும் பிழைகள் இவை:

1. தலைப்பெழுத்து மாறுவது. ராமசாமியின் மகள் ஒரு தாளில் ‘ரா.’, இன்னொரு தாளில் ‘இ.’, மூன்றாவது தாளில் ‘ஆர்.’ என்று இருப்பாள். மூன்றும் ஒரே அப்பாதான் என்பது நமக்குத் தெரியும். தாளைப் பார்க்கிற உத்தியோகத்தருக்கு மூன்று ஆட்கள்.

2. மொழி மாறும்போது பேர் மாறுவது. சிங்களத்தில் ‘ழ’ இல்லை. அழகம்மா ‘அலகம்மா’ ஆகிவிடுகிறார். அதைத் திரும்பத் தமிழில் எழுதும்போதும் அலகம்மா என்றே வருகிறது. ஆங்கிலத்திலோ கருப்பையா என்ற ஒரு பேரையே மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள்.

3. வீட்டுப் பேரும் பதிவுப் பேரும் வேறாக இருப்பது. பதிவில் சரஸ்வதி, வீட்டில் ராணி. தோட்டத்தில் எல்லோரும் ராணி என்று கூப்பிட, செக்ரோலிலும் ராணி என்றே ஏறிவிடும்.

4. கல்யாணத்துக்குப் பிறகு மாறுவது. வேலைக்குப் பேர் பதியும்போது அப்பா எழுத்து, அடையாள அட்டையில் புருஷன் எழுத்து. கல்யாணம் கட்டினால் புருஷன் பேரைப் போட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பினால் போடலாம். ஆனால் எதைப் போட்டாலும் எல்லாத் தாளிலும் அதுவே இருக்க வேண்டும்.

5. தாத்தாவும் பேரனும் ஒரே பேரில் இருப்பது. ஒரே தோட்டத்தில் இரண்டு ரா. கருப்பையா இருந்தால் கணக்கு மாறிப்போக இடமுண்டு. பிறந்த திகதியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எப்போதும் சேர்த்து எழுதுங்கள்.

இவற்றால் வரும் நட்டம் சின்னதல்ல. பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். முப்பது வருஷம் கொழுந்தெடுத்துச் சேர்த்த காசு அது. பேர் ஒத்துப்போகாவிட்டால் கந்தோருக்கும் தோட்டத்துக்கும் அலைய வேண்டியிருக்கும். “இந்த இரண்டு பேரும் ஒருவருடையதே” என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடிக்கச் சொல்வார்கள். உரியவர் இறந்துபோயிருந்தால் பிள்ளைகள் படும்பாடு இன்னும் அதிகம்.

வெளிநாடு போகும் நம் பிள்ளைகளுக்கு வேறொரு சங்கடம். அங்குள்ள படிவங்களில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அப்பா பேரை எழுதுவதால், வேலைக்குப் போன இடத்தில் சாந்தியை ‘ராமசாமி’ என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுவது தன்னைத்தான் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் பிள்ளை தடுமாறாது. கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லாப் படிவங்களையும் நிரப்ப வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

பிள்ளை பிறந்ததும் தோட்ட நிர்வாகத்துக்குத் தகவல் கொடுத்துப் பதிவைத் தாமதமின்றி முடியுங்கள். மூன்று மாதம் கடந்தால் அது காலங்கடந்த பதிவாகிவிடும், கூடுதல் ஆவணங்கள் கேட்பார்கள். “நல்ல நாள் பார்த்துப் பேர் வைப்போம்” என்று இழுத்துக்கொண்டே போக வேண்டாம்.

பதியப் போகுமுன் பிள்ளையின் பேரையும் தாய் தந்தையரின் முழுப் பேரையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் மட்டும் சொல்ல வேண்டாம். உங்கள் அடையாள அட்டையிலும் கல்யாணப் பதிவிலும் உள்ள எழுத்துக்கூட்டலையே பாருங்கள். எழுத வராதவர்கள் ஆசிரியரிடமோ படித்த பிள்ளையிடமோ எழுதி வாங்கலாம். அதில் வெட்கம் எதுவுமில்லை.

பிள்ளையின் பேரோடு அப்பா பேரைச் சேர்த்து எழுதுவதா இல்லையா என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். மூத்தவனுக்குச் சேர்த்து இளையவளுக்கு விட்டால், கூடப் பிறந்தவர்கள் என்று காட்டுவதே பின்னால் சிரமமாகும்.

கையெழுத்து வைக்குமுன் ஒருமுறை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். “ஐயா, ஒருக்கா படிச்சுக் காட்டுங்க” என்று கேட்பது நம் உரிமை.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பிழை இருந்தால் பிள்ளைக்கு 15 வயதாகி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் உள்ள பதிவுப் பிரிவில் திருத்தத்துக்கான வழியைக் கேளுங்கள். கிராம உத்தியோகத்தரும் வழி காட்டுவார். எழுத்துப் பிழையைத் திருத்துவது ஒரு வேலை, பேரையே மாற்றுவது வேறு வேலை. எது வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

வேலை செய்பவர்கள் சேமலாப நிதிக் கணக்கில் தங்கள் பேரும் அடையாள அட்டை இலக்கமும் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பின்னுரித்தாளியாக யாரைப் போட்டிருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஓய்வு பெறும் நாளில் பார்த்தால் திருத்துவது கஷ்டம்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு கொப்பித் தாளில் நான்கு வரி போடுங்கள். கீழே பிள்ளையின் பேர், அதற்கு மேலே அப்பா அம்மா, அதற்கு மேலே இருபக்கத் தாத்தா பாட்டிமார், எல்லாவற்றுக்கும் மேலே அவர்களின் தாய் தகப்பன் பேர். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் அதன் பொருள், எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தோட்டத்தில் இருந்தவர் என்பதைக் கேட்டு எழுதுங்கள். தலைப்பெழுத்து அப்பனை மட்டும் காட்டும். இந்தத் தாளில் அம்மா வழியையும் மறக்காமல் எழுதுங்கள். பாட்டி பேரைச் சொல்லத் தெரியாத பிள்ளை நம் வீட்டில் இருக்கக் கூடாது.

பிறகு வீட்டில் உள்ள எல்லாப் பத்திரங்களையும் பாயில் பரப்பி, ஒவ்வொருவருடைய பேரும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் உள்ளதைத் தனியாகக் குறித்துக்கொண்டு, திருத்தும் வேலையை இந்த மாதத்திலேயே தொடங்குங்கள். பார்த்து முடிந்ததும் எல்லாவற்றையும் ஈரம் படாத ஒரு பையில் போட்டு, எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் பத்திரமாக வையுங்கள்.